மெமரி கார்டை மாற்றினால் வீடியோ சீராக ஓடுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளிக்குப் பிறகு நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தேவையான விவரங்கள் அனைத்தையும் தந்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். 2005-இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடில், ஆப்பிளின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக இயங்கும் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை அவர் நிறுவியிருக்கிறார். ஒரு திரைப்படத்தை 640×480 அளவில், நொடிக்கு 2,000 கிலோபிட் வீதத்தில் எம்பெக்-2 என்ற வீடியோ வடிவக் கோப்பாக மாற்றி ஏற்றியிருக்கிறார். ஒலி ஒழுங்காக வருகிறது, படம் மட்டும் விட்டுவிட்டு நகர்கிறது. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு பொருத்தினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

சரியாகாது. நொடிக்கு 2,000 கிலோபிட் என்பது 250 கிலோபைட்தான். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கே அதைவிடப் பல மடங்கு வேகமாகப் படித்துத் தரும். எடை குறையவும் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கவும் கார்டு பொருத்துங்கள், நல்லதுதான். இந்தத் திணறலுக்கு அது மருந்தல்ல.

ஆப்பிளின் சொந்த மென்பொருளில் இதே ஐபாட் 640×480 படத்தைத் தடையின்றிக் காட்டும். நேயர் அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அங்கே, சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் வேலையைத் தனியாக ஒரு பிராட்காம் சிப் பார்த்துக்கொள்கிறது. ராக்பாக்ஸில் அந்தச் சிப் திரைக்குப் படத்தை அனுப்புவதோடு சரி. விரிக்கும் வேலை முழுவதும் 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசரின் தலையில் விழுகிறது.

அடுத்து நான் என்ன சொல்வேன் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்: முதலில் திரையின் அளவைப் பாருங்கள். இந்த ஐபாடின் திரை 320×240, அதாவது 76,800 பிக்சல். நேயரின் கோப்பில் ஒவ்வொரு பிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்திலும், 3,07,200 பிக்சல் இருக்கிறது. நான்கு மடங்கு விரித்து, அதில் முக்கால் பங்கு உழைப்பு கண்ணுக்குத் தெரியாமலேயே வீணாகிறது. அகலத்திரைப் படமானால் 320×180 என்று வைக்கத் தோன்றும்; நான் 320×176 வைக்கச் சொல்வேன். எம்பெக்-2 படத்தைப் பதினாறு பதினாறு பிக்சல் கட்டங்களாகவே பிரிக்கும் என்பதால், 180 வரிகள் கொடுத்தால் அது 192 வரிகளுக்கான வேலையைச் செய்யும். மேலும் கீழும் இரண்டிரண்டு வரிகளை வெட்டிவிட்டால் 240 கட்டங்கள் 220 ஆகக் குறையும், பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பிட்ரேட்டையும், அதாவது நொடிக்கான தரவு அளவையும், 500 கிலோபிட் அளவுக்கு இறக்குங்கள். இச்சிறு திரைக்கு அது தாராளம். தமிழ் சப்டைட்டில் பதிப்பதாக இருந்தால், படத்தைச் சிறிதாக்கிய பிறகு, எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்துப் பதியுங்கள். முன்னரே பதித்தால் சுருங்கும்போது மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் கரைந்துபோகும்.

என் உறவினர் ஒருவர் பேருந்துப் பயணத்தில் பட்டிமன்றப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் போவார். அவருடைய கருவியில் பட்டிமன்றம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதே அமைப்பில் மாற்றிய நடனப் பாடல் தடுமாறும். மேடையில் பேச்சாளரின் கையும் முகமும் மட்டுமே அசைவதால் முந்தைய பிரேமிலிருந்து பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நடனத்திலோ பின்னணி, உடை, கேமரா எல்லாமே நகர்கின்றன. ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, 'என் கருவியிடம் எவ்வளவு திறன் மிச்சம் இருக்கிறது?' என்று நேயர் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அதை அளக்கும் வழி ராக்பாக்ஸிலேயே இருக்கிறது. வீடியோ இயக்கியின் அமைப்புகளில் 'டிஸ்பிளே எஃப்பிஎஸ்' என்பதை இயக்கிவிட்டு, 'லிமிட் எஃப்பிஎஸ்' என்பதை நிறுத்துங்கள். அப்போது கருவி தன்னால் இயன்ற உச்ச வேகத்தில் படத்தை ஓட்டி, நொடிக்கு எத்தனை பிரேம் என்று திரையில் காட்டும். 25 பிரேம் படத்துக்கு 27 என்று வந்தால், அடுத்த சண்டைக் காட்சியிலேயே திணறும். 35-க்கு மேல் வந்தால் கவலையில்லை. இந்தச் சோதனைக்குப் படத்தின் தொடக்கத்தை எடுக்காதீர்கள், பெயர்கள் ஓடும் இடத்தில் எந்தக் கருவியும் நன்றாகவே ஓடும். அசைவு மிகுந்த ஒரு நிமிடத்தை மட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வெட்டி மாற்றிப் பாருங்கள். எண் திருப்தியாக வந்த பிறகு முழுப் படத்தையும் அதே அமைப்பில் மாற்றிக்கொண்டு, 'லிமிட் எஃப்பிஎஸ்'ஸை மறக்காமல் மீண்டும் இயக்கிவிடுங்கள்.