லேத்துக்கு டூல் போஸ்ட்: வாங்குவதா, நாமே செய்வதா?

வணக்கம் நண்பர்களே. இன்று ஜாப் எதுவும் ஓட்டப் போவதில்லை, லேத்தில் வெட்டும் டூலைப் பிடித்து வைக்கும் டூல் போஸ்ட் மட்டும்தான். "சின்ன லேத் வாங்கியிருக்கிறேன், குயிக் சேஞ்ச் (டூலை ஹோல்டரோடு சட்டென்று மாற்றும் டூல் போஸ்ட்) போடலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் பதிலுக்குக் கேட்பது இதுதான்: உங்கள் மெஷினில் காம்பவுண்ட் ஸ்லைடின், அதாவது டூல் போஸ்ட் உட்காரும் ஸ்லைடின், மேல்தளத்திலிருந்து சென்டர் (ஜாப் சுழலும் நடு அச்சு) வரை எத்தனை மில்லிமீட்டர்? அது தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

அளப்பது சுலபம். ஜாபைப் பிடிக்கும் சக்கில், சுற்றும்போது தள்ளாடாதபடி ஒரு உருண்டைக் கம்பியைப் பிடியுங்கள். டூல் போஸ்டைக் கழற்றிவிட்டு, கம்பிக்கு அடியில் காம்பவுண்டைக் கொண்டுவாருங்கள். இடைவெளியை வெர்னியரால் அளந்து, அதோடு கம்பி விட்டத்தில் பாதியைக் கூட்டினால் போதும். இந்த மெஷினுக்கு 22 மி.மீ. வருகிறது. மாற்றக்கூடிய வெட்டுமுனை (இன்சர்ட்) வைத்த டூலில், வெட்டும் முனை ஷாங்கின், அதாவது டூலின் பிடித்தண்டின், மேல் உயரத்திலேயேதான் இருக்கும். 16 மி.மீ. ஷாங்க் போட்டால் டூல் போஸ்டின் அடித்தட்டுக்கு மிஞ்சுவது 6 மி.மீ. அவ்வளவு மெல்லிய தட்டு, போல்டை இறுக்கும்போதே வளையும். 12 மி.மீ. ஷாங்க் என்றால் 10 மி.மீ. கிடைக்கிறது. ஆக, இந்த மெஷினுக்கு 12தான். "பெரிய டூல் நல்லது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, இப்போது வகைகள். கோயம்புத்தூரில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் சதுர நாலு பக்க டூல் போஸ்ட்தான் இருக்கும். பக்கத்திலேயே, டூலை உயர்த்த அடியில் வைக்கும் பேக்கிங் தகடுகள் ஒரு டப்பா நிறைய, உடைந்த ஹேக்ஸா பிளேடு உட்பட. இதைப் பழசு என்று சிரிக்க வேண்டாம். இதில் டூல் நேராகக் காம்பவுண்டின் மேலேயே உட்காருகிறது. வெட்டு விசை கீழே இறங்கிவிடுகிறது. பம்ப் ஷாஃப்ட், புஷ் என்று ஒரே ஜாப் நூற்றுக்கணக்கில் வந்தால், நாலு டூலையும் ஒருமுறை செட் பண்ணிவிட்டு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். அங்கே குயிக் சேஞ்சுக்கு வேலையே இல்லை.

தொல்லை எப்போது என்றால், எங்களைப் போல ஒரு நாளைக்கு ஒவ்வொரு ஜாபும் வேறு வேறாக வரும்போது. டூல் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் தகடு தேட வேண்டும். அங்கேதான் குயிக் சேஞ்ச் காசுக்கு மதிப்பு. ஒவ்வொரு டூலும் தனி ஹோல்டரில் இருக்கும், ஒவ்வொரு ஹோல்டருக்கும் உயரம் வைக்கும் நட் உண்டு, ஒருமுறை வைத்தால் போதும். இவற்றின் அளவுக்குப் பெயர் உண்டு: 12 அங்குல ஸ்விங் (லேத்தில் சுற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்) வரைக்கும் ஏஎக்ஸ்ஏ, அதற்கு அடுத்த அளவு பிஎக்ஸ்ஏ. ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள், சென்டர் அளவையும் பாருங்கள். பிஸ்டன் வகை, வெட்ஜ் வகை என்று இரண்டு வரும். பிஸ்டன் ஹோல்டரை வெளியே தள்ளி இறுக்குகிறது. வெட்ஜ் உள்ளே இழுத்து உட்கார வைக்கிறது. காசு இருந்தால் வெட்ஜ். ஐரோப்பாவில் மல்டிஃபிக்ஸ் என்று ஒன்று உண்டு, பல் வைத்த உருளை, ஹோல்டரை 40 கோணங்களில் மாட்டலாம். அழகான சாமான், விலையும் அப்படித்தான்.

குயிக் சேஞ்ச் விற்பவர்கள் சொல்லாதது ஒன்று. டூல், போஸ்டுக்கு வெளியே தள்ளித் தொங்குகிறது. சின்ன மெஷினில் காம்பவுண்டின் கிப் (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) தளர்வாக இருந்தால், பார்ட்டிங் செய்யும்போது, அதாவது ஜாபை வெட்டித் துண்டிக்கும்போது, கத்த ஆரம்பித்துவிடும். முதலில் கிப்பை இறுக்குங்கள், அப்புறம் டூல் போஸ்டைக் குறை சொல்லலாம்.

செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு நார்மன் வகையைத்தான் சொல்வேன். ஒரு தடித்த உருண்டைத் தூண், அதில் ஏறி இறங்கும் ஒரு பிளாக், பிளாக்கின் ஒரு பக்கம் பிளவு, அதை இறுக்க ஒரு அலன் போல்ட். டவ்டெயில் (ஹோல்டர் மாட்டும் சரிவான பக்கங்கள் கொண்ட பொருத்து) வேலையே கிடையாது. தூணும் பிளாக்கும் இஎன்8 என்ற நடுத்தர கார்பன் ஸ்டீலில் செய்யலாம். வரிசை முக்கியம்: போரிங்கை, அதாவது தூணுக்கான துளையை, முழுசாக முடித்துவிட்டுப் பிளவைக் கடைசியாக வெட்டுங்கள். முதலில் பிளந்துவிட்டால் பிளாக் விரிந்து துளை வட்டமாக வராது.

போஸ்டின் அடிப்பக்கத்தை இங்கே கிட்டத்தில் காட்டுகிறேன். நடுப்பகுதியைக் கொஞ்சம் குழித்து எடுத்திருக்கிறேன், தெரிகிறதா? மார்க்கிங் ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மை) தடவிக் காம்பவுண்டில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், நிறம் வெளி விளிம்பில் மட்டும் வளையமாகப் பதிந்திருக்க வேண்டும். நடுவில் பட்டால் போஸ்ட் அந்த மேட்டின் மேல் ஆடும். எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

உயரம் வைப்பதற்கு மெல்லிய ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். சக்கில் பிடித்த கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்கேலை மெதுவாகப் பிடிக்க வையுங்கள். நேராக நின்றால் சென்டர். மேல் நுனி உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மேலே இருக்கிறது. அப்புறம் ஃபேசிங் (ஜாபின் முகப்பைச் சீவுவது) ஓட்டிப் பாருங்கள். 0.2 மி.மீ. கீழே இருந்தாலும் நடுவில் 0.4 மி.மீ. மொட்டு நிற்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். நட்டை ஒரு பொட்டு திருப்பி, மறுபடி ஓட்டி, மொட்டு போனதும் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.

ஹோல்டர் எத்தனை வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். செட்டோடு வருவது போதவே போதாது. டர்னிங், ஃபேசிங், பார்ட்டிங், போரிங், த்ரெடிங் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வேண்டும். ஹோல்டரை வேறு டூலுக்குக் கழற்றினால் மறுபடி உயரம் வைக்க உட்கார வேண்டியதுதான். ஆக, விலை கேட்கும்போதே தனி ஹோல்டர் என்ன விலை, அதே அளவில் பிறகும் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி டவ்டெயில் கொஞ்சம் மாறும். பிளாக்கின் வரைபடத்தைக் கீழே விளக்கத்தில் போட்டிருக்கிறேன், உங்கள் சென்டர் அளவுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.