வகுப்பறையிலிருந்து போர்க்களத்துக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

போர்க்காலத்தில் கல்லூரி மாணவர்களைப் படைக்கு அனுப்புவது நியாயமா என்ற தலைப்பில், நியாயம் அன்று என வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "உழவர் வீட்டுப் பிள்ளை துப்பாக்கி ஏந்தும்போது மாணவன் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாமா?" என்று கேட்டார். தட்டிக் கழிக்கக் கூடாத கேள்வி. உழவர் மகனின் உயிர் மாணவனின் உயிருக்குக் குன்றிமணி அளவும் குறைந்ததன்று.

ஆனால், அந்தச் சமநீதிக்காகவா அரசுகள், கட்டாயப் படைச் சேவையிலிருந்து மாணவர்களுக்கு இருந்த விலக்கை நீக்கின? இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல் தோல்விகள் அடுக்கடுக்காக வந்து, இளநிலை அதிகாரிகளுக்கும் விமானிகளுக்கும் பஞ்சம் ஏற்பட்ட பிறகுதான் ஜப்பானிய அரசு கல்லூரிகளின் பக்கம் திரும்பியது. அப்போதும் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு விலக்கு நீடித்தது. சட்டமும் இலக்கியமும் பொருளியலும் படித்தவர்களே பெரும்பாலும் அனுப்பப்பட்டார்கள். ஆயுதம் செய்ய உதவும் படிப்பைக் காப்பாற்றிவிட்டு, மனிதனைப் பற்றிய படிப்பைக் களத்துக்குத் தள்ளியதைச் சமநீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள், டோக்கியோவின் வசேதா, கெயோ பல்கலைக்கழகங்கள், மாணவர்கள் படைக்குப் போகுமுன் கடைசியாக ஒரு பேஸ்பால் ஆட்டம் ஆடின. முந்தைய ஆண்டுதான் தம் ஒரே மகனைக் கடற்படையில் பறிகொடுத்திருந்த கெயோவின் தலைவர் கொய்சுமி ஷின்சோ, சிறப்பு இருக்கையை விட்டு மாணவர் நடுவே போய் அமர்ந்தார். வசேதா 10-1 என வென்றது. வெற்றியைப் பற்றி எவர் நினைத்திருப்பார்! அதிலிருந்து ஐந்தாம் நாள், டோக்கியோ மெய்ஜி கோயில் வெளித்தோட்ட அரங்கில் நடந்த வழியனுப்பு விழாவில், கொட்டும் மழையில், கல்லூரிச் சீருடையோடு, காலில் பட்டி சுற்றி, தோளில் துப்பாக்கி சுமந்து ஏறத்தாழ 25,000 மாணவர்கள் சேற்றை மிதித்து நடந்தார்கள். பிரதமர் தோஜோ உரையாற்றினார். உயிரோடு திரும்புவதை எதிர்பார்க்கவில்லை என்று மாணவர் சார்பில் ஒருவர் உறுதி கூறினார்.

கெயோவில் பொருளியல் படித்த உயெஹாரா ரியோஜி, 1945 மே 11ஆம் நாள், தம் 22ஆம் வயதில், ஒகினாவா கடலில் தற்கொலைத் தாக்குதலில் இறந்தார். சர்வாதிகார நாடுகள் இறுதியில் வீழும், சுதந்திரமே வெல்லும் என்று முந்தைய இரவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். அரசின் பொய்யை அறிந்திருந்த அந்த அறிவை, அதே அரசு ஒரு குண்டோடு சேர்த்துக் கட்டி அனுப்பியது.

எதிரணி நண்பரே, உங்கள் கேள்வியையே உங்களிடம் திருப்பித் தருகிறேன்: இவர் போனதால், எந்த உழவர் வீட்டுப் பிள்ளை ஊர் திரும்பினான்?