குறுக்கே ஆடும் உருளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஓடுகிற ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு மூங்கில் கழியைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கழி கையில் நடுங்கும். தண்ணீர் தள்ளுவது ஒரு திசையில், கழி ஆடுவது அதற்குக் குறுக்கே. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவது ஒரு திசை, ஆடுவது குறுக்கே. முப்பது வருடமாக நான் இந்த நடுக்கத்தின் பின்னால்தான் இருக்கிறேன். இது ஏன் வருகிறது, இதிலிருந்து மின்சாரம் எடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கழியைச் சுற்றி வரும் தண்ணீர் அதன் முதுகுப் பக்கம் ஒழுங்காக ஒன்றுசேர முடியாமல் சுழல்களாகப் பிய்ந்து போகிறது. இடது பக்கம் ஒன்று, அப்புறம் வலது பக்கம் ஒன்று. இப்படி மாறி மாறிப் பிரியும்போது கழியும் பக்கத்துக்குப் பக்கம் இழுபடுகிறது. காற்றில் மின்கம்பி ரீங்கரிப்பதும் இதனால்தான். அந்த ரீங்காரத்தை 1878-இல் அளந்தவர் செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரூஹால். நொடிக்கு எத்தனை ஆட்டம் என்ற கணக்கு எளிது: ஓட்டத்தின் வேகத்தைக் கழியின் விட்டத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுங்கள். பத்து சென்டிமீட்டர் குழாய், நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் நீர் என்றால், நொடிக்கு இரண்டு ஆட்டம்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 1911 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், பேராசிரியர் பிராண்டலிடம் ஹீமென்ஸ் என்ற ஆய்வு மாணவர் இருந்தார். உருளையைச் சுற்றி நீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. நீரோ நிலையாக ஓடவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்றார் பேராசிரியர். மாணவர் பாடுபட்டுத் தேய்த்துச் சரிசெய்தார். ஆட்டம் நிற்கவில்லை. வாய்க்கால் கோணலாக இருக்கும் என்றார்கள், அதையும் சரிசெய்தார். அப்போதும் நிற்கவில்லை. அங்கே உதவியாளராக இருந்த கார்மன் தினமும் காலையில் வந்து, "நீரோட்டம் நிலைத்துவிட்டதா?" என்று கேட்பார். "எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது" என்பார் ஹீமென்ஸ், வருத்தத்தோடு. தவறு உருளையிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை, ஆடுவதுதான் இயல்பு என்று கார்மனுக்குத் தோன்றியது. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டு அதைக் காட்டிவிட்டார். அந்தச் சுழல் வரிசைக்கு இன்று அவர் பெயர். பல மாதம் உருளையைத் தேய்த்த அந்த மாணவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். அந்த ஆட்டத்தைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தானே!

அதன் பிறகும் பொறியாளர்கள் இந்த ஆட்டத்தை அடக்கத்தான் பார்த்தார்கள். உயரமான இரும்புப் புகைபோக்கியின் தலைப்பக்கம் திருகுபோலச் சுற்றிய பட்டை, உயர் அழுத்த மின்கம்பியில் கோபுரத்தை ஒட்டி டம்பெல் மாதிரித் தொங்கும் எடை, எல்லாம் அதற்குத்தான். கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்களுக்கும் இதே கவலை.

அந்தக் கடல்துறையில் இருந்தவர்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னிட்சாஸ். அடக்குவதை விட்டுவிட்டு ஆட்டத்தை வளர்த்தார். உருளையை நீரோட்டத்துக்குக் குறுக்கே படுக்கைவாக்கில் வைத்து, இரு முனையிலும் ஸ்பிரிங் மாட்டினார். உருளை மேலும் கீழும் ஆட, அந்த ஆட்டம் ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தரும். இந்த 'விவாசே' கருவியைப் பற்றிய கட்டுரை 2008-இல் வந்தது. அமெரிக்க-கனடா எல்லையில் ஓடும் செயின்ட் கிளேர் ஆற்றிலும் இறக்கிச் சோதித்தார்கள். உருளை ஆடத் தொடங்கிவிட்டால் சுழல்கள் அதன் தாளத்துக்கே பிரிகின்றன. ஆகவே நீரின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் நிற்பதில்லை. விசிறி மாதிரிச் சுழலும் டர்பைனுக்கு ஓட்டம் நொடிக்கு இரண்டு மீட்டராவது இருந்தால் நல்லது. இது அரை மீட்டர் ஓட்டத்திலும் ஆடும்.

ஆனால் ஒன்று. இரண்டு மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் வழியாக நாலாயிரம் வாட் ஓடுகிறது. அரை மீட்டரில் அறுபது வாட் சொச்சம்தான். அதில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மெதுவான ஆற்றில் நிறைய உருளைகள் வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மீன்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: ஆற்றுக் கல்லுக்குப் பின்னால் டிரவுட் மீன் சுழல்களுக்கிடையே உடலை வளைத்து, அதிகம் உழைக்காமலே நிற்கும். அந்த மீனைப் போலவே, முன்னால் உள்ள உருளையின் சுழலைப் பின்னால் உள்ள உருளை பயன்படுத்திக்கொள்ள எப்படி வைப்பது என்பதுதான் இப்போது இந்தத் துறையில் பெரிய வேலை. வணக்கம்.