ஜான் ஆபிரகாமின் சிறந்த படம் எது? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. "போன வீடியோவில் ஜான் ஆபிரகாமின் உச்சம் 'அக்ரகாரத்தில் கழுதை' என்று போகிறபோக்கில் சொன்னீர்கள். எல்லோரும் 'அம்ம அறியான்' என்கிறார்களே, தமிழ்ப் படம் என்பதால் தூக்கிப் பிடிக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: இது அந்த இந்தி நடிகர் இல்லை. புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்து, 1987இல் கோழிக்கோட்டில் மறைந்த மலையாள இயக்குநர்.

அவர் எடுத்த முழுநீளப் படங்களே நான்குதான். முதல் படமான 'வித்யார்த்திகளே இதிலே இதிலே'யை இந்தப் பேச்சில் யாரும் இழுப்பதில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

'அம்ம அறியான்' 1986இல் வந்தது. அதற்குத் தயாரிப்பாளர் என்று ஒருவர் கிடையாது. ஒடேசா என்ற குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, மக்களிடம் வசூலித்த காசில் எடுத்தார்கள். இப்படி ஒரு காரியம் இந்தியாவில் அதற்கு முன் நடந்ததில்லை என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நாம் கொண்டாடுவது பெரும்பாலும் அந்த வசூல் கதையைத்தான். படத்துக்கு வாருங்கள். டெல்லிக்குக் கிளம்பிய புருஷன் என்பவன் வழியில் ஒரு இளைஞனின் உடலைப் பார்க்கிறான். அது தபலா வாசிக்கும் ஹரி என்று தெரியவருகிறது. ஹரியின் அம்மாவிடம் சேதி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி வரை போகிறார்கள், வழிநெடுக நண்பர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அபாரமான யோசனை. வேணுவின் கேமராவும் அப்படித்தான். ஆனாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறக்குறைய அதே காட்சி திரும்ப வருகிறது. நடுநடுவே போராட்டச் செய்திகள் வரும்போது கதை ஒதுங்கி நின்று வழிவிடுகிறது.

'அக்ரகாரத்தில் கழுதை'யில் அந்தத் தொய்வு கிடையாது. வெங்கட் சாமிநாதன் எழுதியது. தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டியைப் பேராசிரியர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார், கல்லூரியில் கேலி செய்கிறார்கள் என்று ஊரிலுள்ள அப்பா அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். பார்த்துக்கொள்வது உமா என்ற வாய் பேசாத பெண். அக்ரகாரத்தில் எது நடந்தாலும் பழி கழுதைமேல். உமாவுக்கு இறந்தே பிறந்த குழந்தை கோயில் வாசலில் கிடக்க, அதற்கும் கழுதையையே அடித்துக் கொல்கிறார்கள். அப்புறம் ஊரில் நல்லது நடக்க ஆரம்பிக்கிறது. உடனே அதே ஆட்கள் கழுதைக்குக் கோயில் கட்டப் புறப்படுகிறார்கள்! இங்கேதான் ஜானின் கெட்டிக்காரத்தனம். கொன்றவர்களில் ஒருவர்கூடத் திருந்தவில்லை, வெட்கப்படவில்லை. அடித்த கையாலேயே கும்பிடுகிறார்கள். யாரும் பிரசங்கம் செய்யாமலே நமக்கு எரிகிறது.

பேராசிரியராக வருவது இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் எந்த இடத்திலும் ஒட்டாத அந்த மனிதருக்கு அது பொருந்திவிட்டது.

தமிழ்ப் பாசம் என்ற குற்றச்சாட்டுக்கு: சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியும் தமிழ்நாடு இதைத் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் நிறுத்தியது. பாசம் காட்ட நாம் ரொம்பத் தாமதம்.

யாராவது 1979இல் வந்த 'செறியாச்சன்டெ குரூரகிருத்தியங்கள்'தான் சிறந்தது என்றால் கொஞ்சம் தடுமாறுவேன். சிரிப்பு நடிகராகவே பார்த்துப் பழகிய அடூர் பாசி, குற்றவுணர்விலும் போலீஸ் பயத்திலும் கரைந்துபோகும் குட்டநாட்டு ஜமீன் ஆளாக வருகிறார். ஜான் படங்களிலேயே மிகச் சிறந்த நடிப்பு அதுதான்.

'அம்ம அறியான்' கட்சிக்காரர்கள் கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். ஒரே நிபந்தனை, எப்படிக் காசு திரட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு, படத்திலிருந்து ஒரு காட்சியைச் சொல்லி வாதாடுங்கள்.