கருப்பனுக்குக் காய்ச்சலே இல்ல, தப்பு என்னோடது

ஆங், ஓடுது. கேமரா ஆடுச்சுன்னா கண்டுக்காதீங்க, எங்க பூனை பட்டாணி பக்கத்துல உக்காந்து வாலால தட்டிட்டே இருக்கா.

போன வீடியோல பதறிப்போய் "எங்க நாய் கருப்பன் உடம்பு கொதிக்குது, மூக்கு காஞ்சிருக்கு"ன்னு சொன்னேன்ல? வாபஸ். டாக்டர் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தார். எங்க வச்சார்னு கேக்காதீங்க, அன்னையிலேர்ந்து கருப்பன் என் மூஞ்சில முழிக்கிறதில்ல. 101.6 ஃபாரன்ஹீட். நான் "ஐயோ"ங்கிறேன், அவர் சிரிக்கிறார். நாய்க்கு 101லேர்ந்து 102.5 வரைக்கும் நார்மல். நம்ம கைக்கு அது சூடாத்தான் தெரியும். மூக்கு, தூங்கி எழுந்தாலே காஞ்சு போகும்.

ஆனா கமெண்ட்ல சில பேர் "அரை பாராசிட்டமால் குடுங்க"ன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம். சளி, தும்மல்னா பூனைக்கும் குடுக்கலாமாம்! அந்த மருந்த முறிக்கிற சக்தி பூனையோட ஈரலுக்கு ரொம்பக் கம்மி. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துரும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாம, ஈறெல்லாம் பழுப்பா மாறிடும். நாய்க்கும் நீங்களா குடுக்காதீங்க. கற்பூரம் போட்ட தைலமும் வேணாம், நக்கிடும்.

சரி, கருப்பனோட நிஜப் பிரச்சினை என்னன்னா, வயசு. பதினொண்ணு. மூட்டுத் தேய்மானம். குளிர் வந்தா காலையில எழும்போது பின்னங்கால் ரெண்டும் இழுக்குது. அதுக்கு நான் செஞ்ச முட்டாள்தனம் ஸ்வெட்டர். மொத ஸ்வெட்டர் அக்குள்ள உரசி முடி போச்சு. ரெண்டாவதைப் போட்டதும் சிலை மாதிரி நின்னான், இருபது நிமிஷம், கண்ணு மட்டும் அசையுது! மூணாவதுல ஒரு கை காணோம். ரெண்டு நாள் கழிச்சு வெளிய வந்துச்சு, விடுங்க. நல்லவேளை குடல்ல சிக்கல. குட்டைமுடி நாய், ஒல்லி நாய், குட்டிங்க இதுக்கெல்லாம் ஸ்வெட்டர் உதவும், ஒத்துக்கிறேன். நனைஞ்சா உடனே கழட்டிரணும். புசுபுசுன்னு ரெண்டடுக்கு முடி இருக்குற நாய்க்கு எதுக்குங்க அது?

கடைசில கை குடுத்தது ஒரு பலகை. சிரிக்காதீங்க! தரையோட குளிர்தான் உடம்புச் சூட்டை உறிஞ்சுது. நாலு விரல் உசரத்துல பலகை, மேல ரப்பர் பாய், அது மேல பழைய மெத்தை. முதல்ல கதவுப் பக்கம் போட்டேன், இடுக்கு வழியா காத்து அடிச்சுது, மறுபடி நகர்த்தினேன். அஞ்சாம் நாள் காலையில ஒரே மூச்சுல எழுந்து நின்னான். நான் அழுதுட்டேன். வீடியோ எடுக்கல, கையில பல் தேய்க்கிற பிரஷ் இருந்துச்சு.

வெந்நீர்ப் பை கேட்டிருந்தீங்க. துண்டு சுத்தாம வைக்கவே வைக்காதீங்க. சட்டுன்னு நகர முடியாத கிழட்டு நாய்க்குச் சூடு தெரியறதுக்குள்ள தோல் வெந்துரும். படுக்கையோட ஒரு ஓரத்துல மட்டும் வைங்க.

அட, பட்டாணி விஷயத்தை விட்டுட்டேனே! ராத்திரி நின்ன கார்ல இஞ்சின் சூடு இருக்கும், பூனைங்க பானெட்டுக்குள்ள போய்ச் சுருண்டுக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானெட்ட நாலு தட்டு தட்டுங்க. இவளை அப்படித்தான் ரெண்டு மாசக் குட்டியா வெளிய எடுத்தேன். கார் ரேடியேட்டர்ல ஊத்துற அந்த ஆன்டிஃப்ரீஸ் சிந்தியிருந்தா உடனே துடைங்க, இனிப்பா இருக்கும், நக்கினா கிட்னி போயிரும்.

வாக்கிங் நேரத்தையும் மாத்திட்டேன், வெயில் வந்தப்புறம், ரெண்டு சின்ன ரவுண்டு. நடையே நின்னா எடை ஏறும், மூட்டுக்கு அதுவும் பாரம்.

இப்ப புதுச் சிக்கல். அந்தப் பலகையை பட்டாணி பிடிச்சுக்கிட்டா. கருப்பன் மறுபடி தரையில. அதான், ரெண்டாவது பலகை அறுக்கப் போறேன், ரம்பச் சத்தம் வரும், வால்யூமைக் குறைச்சுக்கோங்க.