விடியலில் ஒரு தீபாவளி, அந்தியில் ஒரு தீபாவளி
(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். மழைக்கு முன்னரே வந்துவிட்டவர்களுக்கும், நனைந்துகொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. 'அண்டை நாடுகளில் இலையுதிர்காலப் பண்டிகை' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் இலை எந்த மாதம் உதிர்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நமக்கு ஐப்பசி என்றால் பின்னேரம் இடிமுழக்கம், காலி வீதியில் வெள்ளம், அதற்கு நடுவில் தீபாவளி. அதைத்தான் பேசப்போகிறேன்.

நான் மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். மனைவி யாழ்ப்பாணம். ஆகவே அண்டை நாடு பார்க்க எனக்குக் கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தீபாவளி, 'தீபாவளி முற்பணம்' கைக்கு வரும் நாளில் தொடங்கிவிடும். தோட்டம் தருகிற கடன் அது. பிறகு சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு முண்டியடித்து ஊர் வந்து சேர்வார்கள். அன்று கோழி கூவுமுன் அம்மா எழுப்பி உட்காரவைத்து உச்சந்தலையில் நல்லெண்ணெயை அறைவார். மலைக்குளிரில் பல் கிட்டித்துப்போகும். வெந்நீர் முதல் செம்பு தோளில் விழும்போது வரும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே வருடம் முழுவதும் காத்திருக்கலாம். மூலையில் மஞ்சள் தடவிய புது உடுப்பு, அப்புறம் இட்லியும் ஆட்டுக்கறியும். ஒன்பது மணிக்குள் பாதிப் பண்டிகை முடிந்துவிடும்.

இது, 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அங்கே நரகாசுரன் மாண்ட சதுர்த்தசி, அதாவது அமாவாசைக்கு முந்திய திதியின் விடியல்தான் தீபாவளி. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசுக்கு இரவு எட்டு முதல் பத்து வரை என்று நேரம் குறித்தபோது, தமிழ்நாடு 'எங்களுக்கு விடியற்காலை வேண்டும்' என்று கேட்டது. கடைசியில் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று ஆனது. டெல்லிக்காரருக்கு இது விளங்கியிருக்காது. அவருக்குப் பண்டிகையே சூரியன் மறைந்த பிறகுதான்: அமாவாசை அந்தியில் இலட்சுமி பூசை, இராமர் அயோத்தி திரும்பிய கதை, வாசல் நிறைய அகல் விளக்கு.

ஆக, தெற்கே விடியலில் சதுர்த்தசி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; வடக்கே அந்தியில் அமாவாசை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே தேதியில் விழும். சில வருடம் வழுக்கிவிடும். உடனே 'தீபாவளி என்றைக்கு?' என்று தொலைபேசிகள் கொதிக்கும். யாரும் பிழைவிடவில்லை, ஆளுக்கொரு நேரத்தில் வானத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதே அமாவாசை இரவில் வங்காளத்தில் காளி பூசை. மறுநாள் குஜராத்திகளுக்கு வருடப்பிறப்பு, புதுக் கணக்குப் புத்தகம்.

என்னை மயக்கியது நேபாளம். அங்கே பெயர் திஹார், ஐந்து நாள். முதல் நாள் காகத்துக்கு. இரண்டாம் நாள் நாய்க்கு: வீட்டு நாய், தெரு நாய் எல்லாவற்றுக்கும் நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, நல்ல சாப்பாடு. ஒருமுறை அந்தச் சமயத்தில் காத்மண்டுவில் இருந்தேன். செவ்வந்தி மாலையோடு ஒரு சொறிநாய், பூசைக்கு வந்த பெரிய மனிதர் போல, நடுத்தெருவில் படுத்திருந்தது. மோட்டார் சைக்கிள்கள் சுற்றிப்போயின. அடுத்து பசுவும் இலட்சுமியும். நான்காம் நாள் காத்மண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் தங்கள் உடலையே பூசிக்கிறார்கள், கி.பி. 879இல் தொடங்கிய நேபாள சம்வத் என்ற ஆண்டுக்கணக்கின் புத்தாண்டும் அன்றுதான்.

ஐந்தாம் நாள் சகோதரிகளுடையது. வாசற்படியில் வால்நட் ஒன்றை வைத்து அடித்து உடைக்கிறார்கள், எமனுக்கு வழி அடைக்க. பிறகு சகோதரனின் நெற்றியில் ஏழு நிறப் பொட்டு, கழுத்தில் ஊதா நிற மாலை. கிட்டப்போய்ப் பார்த்தால் நம் வாடாமல்லி! வாடாத பூ போல அவன் ஆயுளும் வாடக்கூடாதாம். காகம் எமனின் தூதுவன், நாய் எமன் வாசலின் காவல். ஐந்து நாளுக்கும் சேர்த்து 'யம பஞ்சகம்' என்றே பெயர். வினோதம் என்று சிரிக்க வேண்டாம். அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைக்காமல் நாம் சாப்பிடுகிறோமா?

சரி, வீட்டுக்கு வருகிறேன். என் மனைவிக்குத் தீபாவளியைவிடக் கேதாரகௌரி விரதம்தான் பெரிது. விஜயதசமியன்று தொடங்கி இருபத்தொரு நாள். முடிவது ஐப்பசி அமாவாசையில். கோயிலில் காப்புக் கட்டுவார்கள், பெண்களுக்கு இடக்கை, ஆண்களுக்கு வலக்கை. அதற்கு மறுநாளே கந்தசஷ்டி தொடங்கும். இன்னும் ஆறு நாள் சமையலறையில் மீன் வாசம் இருக்காது. சதுர்த்தசியும் அமாவாசையும் ஒரே தேதியில் விழுந்தால், காலையில் எனக்கு ஆட்டுக்கறி, மாலையில் அவளுக்கு விரதப் பாரணை, நடுவில் ஒரே அடுப்பு. முதல் வருடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை மட்டும் மூன்று தடவை கழுவினாள்.

அதனால் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் நான் முதலில் புரட்டுவது ஐப்பசிப் பக்கத்தை. இரண்டும் வேறு வேறு நாளாக இருந்தால் அன்றைக்கே இறைச்சிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிடுவேன். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் ஆளுக்கொன்று சொன்னால், எனக்கு வசதியானது எதுவோ அதைத்தான் வாங்குவேன்.