உள்ளாளா, ஜெயிக்கிற ஆளா?

வணக்கம். "ஆள் நல்லவர்தான், ஆனால் ஜெயிக்க மாட்டார்." டீக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் யார்? நம் ஊரில் கட்சித் தலைமை வேட்பாளரை அறிவித்த பிறகு இதைப் பேசுவோம். அமெரிக்காவில் வேட்பாளரையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் பிரைமரி.

அயோவா மாநிலத்தில் அப்போது ஜனநாயகக் கட்சி பிரைமரிக்குப் பதிலாகக் கூட்டம் கூட்டித் தேர்ந்தெடுத்தது. அதைக் காகஸ் என்பார்கள். 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு, ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ஹிலாரி கிளின்டன், பெர்னி சாண்டர்ஸ், மார்ட்டின் ஓமாலி என்று அவரவருக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நின்றார்கள். ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது, தலையை எண்ணுவதுதான். 15 சதவீதம் தேறாத மூலை கலைந்துவிடும். மார்ட்டின் ஓமாலியின் மூலை கலைந்தது. அங்கிருந்த பெரியவர் ஒருவரை ஹிலாரி பக்கத்து அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"சாண்டர்ஸ் சொல்வதெல்லாம் சரி. நவம்பரில் அவருக்கு யார் போடுவார்கள்?"

"கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் மூன்று பேச்சுக்கு 6,75,000 டாலர் வாங்கிய ஹிலாரிக்கு மட்டும் போடுவார்களா?"

பெரியவர் கேட்டாரே தவிர, முணுமுணுத்துக்கொண்டே ஹிலாரி மூலைக்குத்தான் போனார். மாநில முடிவு 49.8-க்கு 49.6. ஹிலாரி மயிரிழையில் தப்பினார்.

கவனியுங்கள், அந்தத் தொகை அவருக்கு டாலர் சுத்தமாகத் தெரியும். 'யார் ஜெயிப்பார்' என்பதோ, அடுத்த தெருக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்ற ஊகம். ஊகம்தான் ஜெயித்தது.

இந்த ஊகத்தில் கட்சிப் பெரியவர்களும் கெட்டிக்காரர்கள் இல்லை. இது எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் ஜனநாயகக் கட்சிப் பெரியவர்கள் விரும்பாத மெக்கவர்ன் பிரைமரிகளில் வென்று வேட்பாளரானார். 49 மாநிலங்களில் தோற்றார். தொண்டனிடம் விட்டால் இப்படித்தான் என்று, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் பிரமுகர்களுக்கே தனி ஓட்டுக் கொடுத்தார்கள். சூப்பர் டெலிகேட் என்று பெயர். 1984-இல் முதல்முறையாக அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் ஆதரித்தது முன்னாள் துணை ஜனாதிபதி மாண்டேலை. கட்சிக்குள்ளேயே வளர்ந்தவர், அவரைவிட உள்ளாள் கிடையாது. அவர் எத்தனை மாநிலங்களில் தோற்றார்? அதே 49! மறுபடி சொல்கிறேன்: வெளியாளுக்கும் 49, உள்ளாளுக்கும் 49.

சரி, அந்த 2016 நவம்பர்? ஹிலாரி ட்ரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார், பதவி கிடைக்கவில்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மொத்த ஓட்டு இல்லை, மாநிலவாரியான தேர்வாளர் குழு. முறை அப்படி. அதைச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். 2020 பாக்கி இருக்கிறது. தென் கரோலினாவில் அந்த மாநிலத்து எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார், மூன்றாம் நாள் பைடன் அங்கே அமோகமாக வென்றார். 36 வருடம் செனட்டில் இருந்த உள்ளாள். நவம்பரிலும் ஜெயித்தார். அந்த அயோவா பெரியவர் அப்போது எந்த மூலையில் நின்றாரோ... நேரம் முடிந்தது, வணக்கம்.